தறிச்சத்தம் இரைச்சல் இல்லை

“ஊருக்குள்ள உட்கார்ந்துகிட்டு பறவைக் குரல் பதிவு பண்றியா? காட்டுக்குப் போ பாஸ்” என்றார் ஒரு நண்பர். சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலை பக்கம்தான், போகலாம். ஆனால் எனக்கு வேண்டியது எங்கள் கொல்லை முருங்கையில் கத்தும் தையல்சிட்டு. அது இருப்பது தறிவீட்டுக்குப் பின்னால்.

காட்டுப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். நமக்குத் தெரிந்த முதல் பறவைக்குரல் பதிவே வீட்டில் வளர்ந்த பறவையுடையதுதான். 1889இல் ஜெர்மனியில், லுட்விக் கோச் என்ற எட்டு வயதுப் பையன், அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் ஃபோனோகிராஃபில் மெழுகு உருளையில் பதிந்தான். பாடியது கூண்டிலிருந்த ஒரு சோலைபாடி. நம்ம ஊர்க் காடுகளின் பறவை!

அடுத்த புகார், “ஒரே இரைச்சல்.” இங்கேதான் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். மைக் தனக்குள்ளேயே உண்டாக்கும் ‘உஸ்’ வேறு, ஊர்ச் சத்தம் வேறு.

முதலாவது குறை. அதைக் குறைத்தே ஆகணும். போனில் இருக்கும் குட்டி மைக்கின் சுய இரைச்சல் சுமார் 30 டெசிபல். பிரிமோ ஈஎம்272 கேப்ஸ்யூலில் அது 14தான். ஒரே மாதிரி இரண்டைச் சேர்த்தால் இன்னும் 3 குறையும். ப்ளக்-இன் பவர் தரும் ரெக்கார்டரும் சால்டரிங் பழக்கமும் இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம். காசில்லையா? மைக்கை மரத்துக்குக் கிட்டே நகர்த்துங்க. 8 மீட்டரை 4 ஆக்கினாலே குரல் 6 டெசிபல் ஏறும்.

ஊர்ச் சத்தம் அப்படியில்லை. பக்கத்து வீட்டு அத்தை, “தம்பி, பத்து நிமிஷம் தறிய நிறுத்தட்டுமா?” என்று கேட்டார். நிறுத்தினால் போவது அவர் கூலி. “வேணாம் அத்தை, நீங்க நெய்யுங்க” என்றேன். அவரிடம் கேட்காமலே, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கி அந்தத் தறியைத் துடைத்துவிட்டு, மிச்சத்துக்கு ‘இயற்கையின் குரல்’ என்று பெயர் வைப்பது மட்டும் நியாயமா?

அறிவியலுக்கும் அது நஷ்டம். நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பட்டாணிக்குருவிகளைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இரைச்சல் கூடின இடத்தில் வாழ்பவை தங்கள் பாட்டின் கீழ்ச்சுருதியை உயர்த்திப் பாடுகின்றன என்று அது காட்டியது. சுற்றியிருக்கும் சத்தத்தை அழித்துவிட்டால், குருவி ஏன் அப்படிப் பாடுகிறது என்பதற்கான சாட்சியும் சேர்ந்தே அழியும்.

அப்போ எதையுமே தொடக்கூடாதா? ஒயரில் ஏறும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகலை வடிகட்டுங்க. பாட்டு அதற்கு ரொம்ப மேலே இருக்கிறது, ஒன்றும் கெடாது. ஆனால் மூலப் பதிவு ஒன்றைக் கைவைக்காமல் வைத்திருங்க. தேதி, நேரம், இடத்தோடு ‘பின்னணியில் கைத்தறி’ என்றும் எழுதுங்க.

எங்க தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. தையல்சிட்டு நாளைக்கும் கத்தும். தறிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.