கோடுகள் நிறைந்தும் பேச முடியாதது ஏன்?

கம்பைநல்லூரில் ஒரு திருவிழா நாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் கோடுகள் முழுமையாக நிற்கின்றன, அழைப்போ போகவில்லை. “டவர் கெட்டுவிட்டது” என்று ஜனங்கள் சலித்துக்கொள்வது வழக்கம். டவர் கெடவில்லை. பங்கு தீர்ந்துவிட்டது!

பழைய ரேடியோவில் ஓர் அலைவரிசைக்கு ஒரு நிலையம்தான். இரண்டு புகுந்தால் கூச்சல். பேச்சை எண்களாக்கி அனுப்பும் முறை வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பட்டன் போன்களின் 2ஜி முறையில், 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் எட்டுப் பேர் பேசலாம். எல்லாம் நம் குடியானவர் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போலத்தான். ஒவ்வொரு போனுக்கும் வினாடிக்குச் சுமார் 217 தடவை முறை வரும். ஒரு முறையின் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதற்குள் சுருக்கிய பேச்சை அனுப்பிவிட்டுப் போன் மௌனமாகிவிடும். மறுமுனையில் அது விரிந்து ஒலிப்பதால் காதுக்கு இடைவெளி தெரிவதில்லை.

ஒன்பதாவது ஆள் வந்தால்? வேறு அலைவரிசையும் காலியில்லை என்றால் அவர் காத்திருக்க வேண்டியதுதான். பங்கைப் பாதியாக்கிப் பதினாறு பேரை ஏற்றவும் வழியுண்டு. குரலின் தெளிவு குறையும். 4ஜி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அலைவரிசையையே சிறு துண்டுகளாக்கி, வினாடிக்கு ஆயிரம் தடவை பங்கிடுகிறது. கூட்டம் பெருகினால் ஆளுக்குக் கிடைப்பது சிறுத்துப்போகும்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், குறைந்த செலவில் கிராமங்களுக்கு டெலிபோன் தரக்கூடிய ‘கார்டெக்ட்’ சாதனத்தை உருவாக்கினார்கள். அதிலும் இதே முறைவைப்புத்தான்; ஓர் அலைவரிசையில் 12 பேர்.

விஞ்ஞானம் பங்கிடக் கற்றுக்கொடுத்துவிட்டது. பங்கு எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது கம்பெனியின் முதலீடு. சிற்றூர் டவருக்குக் குறைந்த அலைவரிசையை ஒதுக்கிவிட்டு, “அங்கே சிக்னல் இருக்கிறதே” என்று சொல்வது நியாயமாகாது. சேவை கிடைக்கும் இடங்களின் வரைபடத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்தது. நல்ல காரியம். ஆனால் டவரின் குரல் எட்டுகிறது என்பதைத்தான் வரைபடம் சொல்லும். டவரில் இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

நெரிசல் நேரத்தில் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பின என்ற கணக்கு ஒவ்வொரு டவருக்கும் கம்பெனிகளிடம் பதிவாகிறது. அதை ஊர்ப் பெயருடன் மாதந்தோறும் வெளியிடும்படி ஆணையம் உத்தரவிட வேண்டும். கும்பமேளாவுக்கு வண்டியில் டவர் கொண்டுபோகிறவர்கள், தர்மபுரி ஜில்லாவின் திருவிழாக்களுக்கும் கொண்டுவரலாமே!