பழியை விதியின் மீது போடாதீர்!

சாலையோரம் நடந்து சென்ற ஒருவர் வாகனம் மோதி இறந்துவிட்டால், 'அவர் விதி முடிந்துவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். மோதியவர் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக் கொண்டிருந்தார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் நம் நாடு பறிகொடுத்த உயிர்கள் 1,68,491. இவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குச் சுமார் 90 பேர்! இத்தனை சாவுக்கும் விதியைக் காட்டிவிட்டுப் போய்விட முடியுமா?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். வண்டியை ஓட்டிக் கொண்டே 3 நொடிகள் செல்போனைப் பார்ப்பவர், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணைக் கட்டிக் கொண்டு ஓட்டியவராகிறார். அந்த 50 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாலையைக் கடந்தால் என்னவாகும்?

'திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சாக்கு. முதியவர் மெதுவாகத்தான் நடப்பார். சிறுவன் ஓடத்தான் செய்வான். இதை எதிர்பார்த்து ஓட்டுபவர்தான் ஓட்டுநர்.

'நடப்பவர்கள் பார்த்து நடக்கக் கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். பார்த்துத்தான் நடக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நடக்க இடம் எங்கே? நடைபாதையைக் கடைகளும், நாம் நிறுத்தி வைக்கும் வாகனங்களும் பிடித்துக் கொண்டால், அவர்கள் நடுச்சாலைக்குத்தானே வருவார்கள்? கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. இதைச் சுட்டிக்காட்டி உங்கள் நகராட்சியிடம் மனுக் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மீண்டும் கொடுங்கள். கேட்காமல் எந்த உரிமையும் வீடு தேடி வருவதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் இல்லாத சிறுவனிடம் பைக் சாவியைக் கொடுத்துவிட்டு, 'என் மகன் என்ன அழகாக ஓட்டுகிறான்' என்று பெருமைப்படுவது பாசமல்ல. அவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனையை அனுபவித்துவிட்டு நீங்கள் வீடு திரும்பலாம். அவன் மோதியதில் இறந்தவர் திரும்புவாரா?

சகோதரர்களே! வண்டியில் ஏறும்முன் செல்போனைப் பைக்குள் வையுங்கள். பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து நிறுத்தம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஒருவர் சாலையைக் கடக்க நின்றால், ஹாரன் அடித்து விரட்டாமல் நின்று வழிவிடுங்கள். இதனால் உங்களுக்கு ஏற்படும் தாமதம் அரை நிமிடம்தான்.

பார்க்கக் கண்ணும், நிறுத்த பிரேக்கும் இருக்கும்போது, பழியை விதியின் மீது போடுவது எந்த வகையில் நியாயம்? சிந்தியுங்கள்!