பன்னிரண்டரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுக்கு

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்மண் பாதை, வெயில் ஏறும் வரை நிழல், காலுக்கு இதமான தரை. நெடுந்தூரம் ஓடிப் பழகுவதற்கு இதைவிட வசதியான இடத்தைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. அத்தகைய ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பிள்ளையொருவன், பள்ளிப் பருவத்திலிருந்தே 5,000 மீட்டர் ஓடிப் பழகியவன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சியாளர் அவனை அழைத்து, "நாளை முதல் நீ விரைவோட்டக்காரர்களோடு பயிற்சி செய்" என்று சொல்லிவிடுகிறார்.

வீட்டில் என்ன பேச்சு எழும்? "இத்தனை வருடம் ஓடியதெல்லாம் வீண்தானா?" என்பார் அத்தா. "பிள்ளைக்கு மூச்சு போதவில்லை போலிருக்கிறது, அதனால்தான் சின்ன ஓட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்று அம்மா அண்டை வீட்டாரிடம் வருந்துவார். கல்லூரி வாழ்வே மூன்று ஆண்டுகள்; அதில் ஓராண்டைப் புதிய பழக்கத்துக்குக் கொடுப்பது சிறிய காரியமன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ இராணுவத்திலோ காவல்துறையிலோ ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது வயிற்றுப்பாட்டையும் தொடுகிற விஷயம். ஆகவே சற்று விரிவாகவே பேசலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 5,000 மீட்டர் என்பது ஓடுகளத்தில் பன்னிரண்டரைச் சுற்று. அதை 15 நிமிடத்தில் முடிக்கும் பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் 72 வினாடி எடுத்துக்கொள்கிறான். நல்ல கல்லூரி வீரனொருவன் 400 மீட்டரை, அதாவது அதே ஒரு சுற்றை, 48 வினாடியில் முடிப்பான். 24 வினாடி வித்தியாசம்! இதை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈடுகட்டிவிட முடியாது. உடலின் வேறொரு பகுதி வேலை செய்தாக வேண்டும்.

நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகளும் உண்டு. விரைவாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துவிடும் இழைகளும் உண்டு. எது எவ்வளவு என்பது பெரும்பாலும் பிறவியில் அமைந்தது. பயிற்சியால் ஓரளவு மாற்றலாமே தவிர, முழுவதும் மாற்றிவிட இயலாது. விரைவு இழைகள் நிறைந்த ஒரு பிள்ளை, ஊரில் நெடுந்தூர ஓட்டம் மட்டுமே நடந்தது என்ற காரணத்தால் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இப்படித் தவறான வாசலில் நின்றுகொண்டிருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேரோ! விளையாட்டில் மட்டுமா?

வழக்கமாக மாற்றம் எதிர்த் திசையில்தான் நடக்கும். பி.டி. உஷா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் குறுந்தூர ஓட்டக்காரியாகவே நுழைந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு வந்து, வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். வேகம் உள்ளவர் தூரத்தைக் கற்றுக்கொள்வது எளிது. தூரம் ஓடுபவர் வேகத்தைக் கற்பது அரிது என்பது பயிற்சியாளர்களின் பொதுவான கருத்து.

ஆயினும் இந்தியத் தடகள வரலாற்றின் மிகப் பெரிய பெயர் இந்த அரிய திசையில் வந்ததுதான். மில்கா சிங் 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்து, அகதியாக டில்லிக்கு வந்து சேர்ந்தவர். இராணுவத்தில் சேர முயன்று சில தடவை தள்ளப்பட்டு, 1951இல்தான் இடம் பெற்றார். செகந்திராபாத் முகாமில் புதிய வீரர்கள் அனைவருக்கும் 'கிராஸ் கண்ட்ரி' எனப்படும் காடுமேட்டு ஓட்டம் வைத்தார்கள். அதில் முதல் பத்துப் பேருக்குள் வந்ததே அவருடைய தடகள வாழ்வின் பிறப்பு. பின்னர் 400 மீட்டர் ஓடச் சொன்னபோது, அது எவ்வளவு தூரம் என்றே அவருக்குத் தெரியவில்லை. மைதானத்தை ஒரே ஒரு சுற்று என்று சொன்னதும், இவ்வளவுதானா என்று வியந்தாராம்.

அந்த ஒரு சுற்று எளிதில் வசப்பட்டுவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் கட்டத்திலேயே வெளியேறினார். தம்முடைய இயல்பான சகிப்புத் தன்மை மட்டும் போதாது என்பது அவருக்கு அங்கேதான் புரிந்தது. அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் ஜென்கின்ஸிடம் சென்று, அவருடைய பயிற்சி முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார். தோற்றவன் வென்றவனிடம் போய்க் கற்றுக்கொள்ளக் கூச்சப்படாததை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1958இல், டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 440 கெஜ ஓட்டத்தை 46.6 வினாடியில் முடித்துத் தங்கம்.

டோக்கியோ 200 மீட்டரில் அவர் முந்தியது பாகிஸ்தானின் அப்துல் காலிக்கை. 1954 மணிலாவிலும் 1958 டோக்கியோவிலும் 100 மீட்டர் தங்கம் வென்று, ஆசியாவின் அதிவேக மனிதராக விளங்கியவர் அவர். 1960இல் லாகூரில் இருவரும் மீண்டும் மோதினார்கள். பெற்றோரைப் பறிகொடுத்த மண்ணுக்குப் போக மில்கா முதலில் மறுத்தார். நேரு வற்புறுத்தியே அனுப்பினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த பாகிஸ்தான் அதிபர் அயூப் கான்தான், மில்காவுக்குப் 'பறக்கும் சீக்கியர்' என்ற பட்டத்தைச் சூட்டினார். தோற்ற நாட்டின் தலைவர் வென்றவரைப் பாராட்டிச் சொன்ன சொல், அவர் 2021இல் மறையும் வரை அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவ்வாண்டே ரோம் ஒலிம்பிக். மில்கா நான்காவது இடம், மின்கடிகாரத்தின்படி 45.73 வினாடி. இந்தியாவில் அந்த நேரத்தை முறியடிக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோமில் 250 மீட்டர் அளவில் வேகத்தைச் சற்றே தளர்த்தியதுதான் தாம் செய்த பிழை என்று அவர் பிற்காலத்தில் பலமுறை வருந்தியிருக்கிறார். நெடுந்தூரம் ஓடிப் பழகியவனின் உடலில் ஊறிப்போன அறிவுரை 'கொஞ்சம் மிச்சம் வை' என்பதுதான். அந்தப் பழைய குரல் தவறான நேரத்தில் பேசிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிற்க. நம் முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளையிடம் வருவோம். விரைவோட்டம் என்றதும் வீட்டார் 100 மீட்டரை நினைத்துக்கொள்கிறார்கள். நெடுந்தூரக்காரனுக்கு உரிய வாசல் 400 மீட்டர். காரணம் எளிது. 100 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் மூச்சுக் காற்றின் பங்கு மிகக் குறைவு; 400 மீட்டரிலோ ஏறத்தாழ 40 விழுக்காடு ஆற்றல் பிராணவாயுவின் துணையோடு கிடைக்கிறது. கடைசி 100 மீட்டரில் மற்றவர்களின் கால்கள் ஈயமாய்க் கனக்கும்போது, ஐயாயிரம் ஓடிப் பழகிய நுரையீரலும் இதயமும் அவனுக்குக் கை கொடுக்கும். அத்தாவின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

ஆனால் வேகம் அடிப்படையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பிள்ளை 200 மீட்டரை முழு வேகத்தில் எத்தனை வினாடியில் ஓடுகிறான் என்று பாருங்கள். அதை இரட்டித்து மூன்று அல்லது நான்கு வினாடி சேர்த்தால், நல்ல பயிற்சிக்குப் பிறகு அவனால் 400 மீட்டரில் எட்டக்கூடிய நேரம் ஏறத்தாழ வந்துவிடும். 200 மீட்டர் 23 வினாடி என்றால் 49 அல்லது 50, முயன்று பார்க்கலாம். 26 வினாடி என்றால் 55 அல்லது 56. பயிற்சியாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வீட்டார் யோசிக்க வேண்டும். சில கல்லூரிகளில் தொடரோட்ட அணிக்கு ஓர் ஆள் குறைகிறது என்பதற்காகவே பிள்ளைகளை இழுத்துக்கொள்வது உண்டு. யாருடைய தேவைக்காக இந்த மாற்றம் என்று பணிவோடு கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மாற்றம் முடிவாகிவிட்டால், அடுத்த சில மாதங்கள் வீட்டில் குழப்பம்தான். விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட வந்து நின்ற பிள்ளை, இப்போது மைதானத்தில் 30 மீட்டர் ஓடுகிறான், பிறகு பல நிமிடம் சும்மா உலாத்துகிறான், மறுபடி 30 மீட்டர். பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றும். அவனுக்கே குற்ற உணர்வு வரும். யாரும் பார்க்காதபோது தோப்புப் பக்கம் போய் எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்துவிடுவான். அதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. முழு வேகத்தில் ஓடக் கற்பவனுக்கு ஓய்வும் பயிற்சியின் ஒரு பாகம். களைத்த காலோடு ஓடினால் கால் கற்றுக்கொள்வது மெதுவாக ஓடுவதைத்தான்.

ஓட்டத்தின் உருவமே மாறுகிறது. முழங்கால் உயர வேண்டும். பாதத்தின் முன்பகுதி தரையைத் தொட்டதும் எழ வேண்டும். கைகள் வலுவாக வீச வேண்டும். 400 மீட்டர் வரையிலான போட்டிகளில் 'ஸ்டார்ட்டிங் பிளாக்' எனப்படும் காலூன்றுகட்டையில் குனிந்துதான் தொடங்கியாக வேண்டும். 2010 முதல் ஒரே ஒரு முந்திய புறப்பாடு நேர்ந்தாலும் போட்டியிலிருந்து நீக்கம். நெடுந்தூரக்காரன் வாழ்நாளில் இந்தக் கட்டையைத் தொட்டிருக்க மாட்டான். பதினெட்டு வயதில் பன்னிரண்டு வயதுப் பையனைப் போல மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். தன்னைவிட இளையவர்கள் முந்திச் செல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உடம்பைவிட மனத்துக்குத்தான் இது கடினம்.

பெரிய ஆபத்து தொடையின் பின்தசை. மெதுவான ஓட்டத்துக்குப் பழகிய அந்தத் தசையைத் திடீரென முழு வேகத்துக்கு இழுத்தால் கிழிந்துவிடும்; ஆறப் பல வாரங்கள் பிடிக்கும். ஆகவே வேகம் சிறிது சிறிதாகவே கூட வேண்டும், ஓடுமுன் உடலை நன்றாகச் சூடேற்ற வேண்டும். பளு தூக்கும் பயிற்சியும் சேர்வதால் புரதச் சத்து கூடுதலாகத் தேவைப்படும். முட்டை, மீன், பயறு, நிலக்கடலை என்று வீட்டில் உள்ளதே போதும். விலை உயர்ந்த தூள்களை வாங்கித் தர வேண்டியதில்லை. பிள்ளையின் எடை ஓரிரு கிலோ ஏறினால் அம்மா மகிழலாம். அவன் பயப்பட வேண்டாம்.

இத்தகையவனை 4×400 தொடரோட்டத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது சுவையான கேள்வி. எனக்கு இரண்டாவது இடமே சரியென்று படுகிறது. அவனுக்குக் கட்டையில் தொடங்கும் வேலை இல்லை. முதல் வளைவு முடிந்ததும் எல்லோரும் தத்தம் பாதையை விட்டு உள்பக்கம் நெருங்குவார்கள். முழங்கை இடிபட ஓடிப் பழகிய நெடுந்தூரக்காரனுக்கு அந்த நெரிசல் புதிதன்று.

துறை மாறியவர்களின் வெற்றியைக் காண வெகு தூரம் போக வேண்டாம். திருச்சி மாவட்டத்து ஆரோக்ய ராஜீவ் நீளம் தாண்டுபவராக இருந்து 400 மீட்டருக்கு வந்தவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். கேரளத்து நிலமேலைச் சேர்ந்த முகம்மது அனஸும் நீளம் தாண்டுதலில் தொடங்கியவரே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அனஸ், அமோஜ் ஜேக்கப், முகம்மது அஜ்மல், நம் தமிழகத்து ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தபோது, அது அன்றைய ஆசியச் சாதனை.

பிள்ளைக்கு ஒரு முழுப் பருவம் கொடுங்கள். அது முடிந்ததும் அதே 200 மீட்டரை மீண்டும் ஓடச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடி குறைந்திருந்தால் தொடரட்டும். அசையவே இல்லையென்றால், 400க்கும் 5,000க்கும் இடையே 800 மீட்டர், 1,500 மீட்டர் என்று இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. கற்றுக்கொண்ட வேகம் அங்கே கடைசிச் சுற்றில் பயன்படும் என்று பயிற்சியாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.