நெட் ஸ்லோவா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுங்க

வீட்டுல பிராட்பேண்ட் இருந்தும் நெட் ஊர்ந்து போகுதுன்னு புலம்புறவங்களுக்கு இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ஆனா படிச்சா மாசம் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம்.

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

நான் வேலை பார்ப்பது விருதுநகர் மாவட்டத்தில். அச்சங்குளம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடி விபத்துதான் ஞாபகம் வரும். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து பெற்றோர் பலரும் சொல்வது ஒன்றுதான்: "எம் பிள்ளை பயர் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது. படிச்சு வேற வேலைக்குப் போகணும்."

அந்தப் படிப்பு இன்றைக்கு நெட் வழியாகத்தான் போகிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன். ஆன்லைன் கோச்சிங், உதவித்தொகை விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாமே அப்படித்தான். அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பார்ப்பதற்கும் வீடியோ கால் நிக்காம ஓடணும்.

அதனால பட்டாசுத் தொழிலாளி வீட்டில் பிராட்பேண்ட் ஆடம்பரம் கிடையாது. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். அந்த மாதத்திலும் நெட் பில்லை எப்படியாவது கட்டுகிறார்கள்.

அப்படிக் கட்டுகிற வீட்டில் நெட் ஸ்லோ ஆனால் என்ன நடக்கிறது? கம்பெனிக்குப் போன் பண்றாங்க. அந்தப் பக்கம் வரும் பதில்: "அண்ணாச்சி, பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க."

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

காய்ச்சல்னு வந்தவுடனே என்ன காய்ச்சல்னு பார்க்காம ஆன்டிபயாட்டிக் எழுதுவது எவ்வளவு தப்போ, அவ்வளவு தப்பு இதுவும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வீட்டுக்குள்ள வைஃபை கோளாறுக்குப் பெரிய பிளான் வேலை செய்யாது. காசு போகும், காய்ச்சல் அப்படியே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா பயர் ஆபீஸ், அம்மா தீப்பெட்டி ஆபீஸ், மகள் பிளஸ் டூ. 100 எம்பிபிஎஸ் பிளானில் இருந்து 200க்கு மாறினார்கள். மாதம் 300 ரூபாய் கூடுதல், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 354. வருஷத்துக்கு 4248 ரூபாய். மாறிய பிறகும் மகள் படிக்கிற பின்கட்டு அறையில் வீடியோ சுத்திக்கிட்டேதான் இருந்தது. முன்னறையில் ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் 90க்கு மேல். பின்னறையில் 6!

லைன்ல கோளாறே இல்லை. ரவுட்டர் இருந்த இடம் இரும்பு பீரோவுக்குப் பின்னாடி. நடுவுல ரெண்டு கான்கிரீட் சுவர். அவங்க 500 எம்பிபிஎஸ் போட்டிருந்தாலும் அந்த அறையில் அதே 6தான் வந்திருக்கும்.

சரி, எப்படி டெஸ்ட் எடுக்கிறது? இதுக்கு இன்ஜினியரிங் தேவையில்லை. வரிசையா வாங்க.

டெஸ்ட் 1: முதலில் கணக்கு

பிளானில் போட்டிருப்பது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது போனோ கம்ப்யூட்டரோ காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் டவுன்லோடு ஆனால் அது ஸ்லோ இல்லை, முழு வேகம். "100 சொல்லிட்டு 12தான் தர்றான்"னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

டெஸ்ட் 2: ரவுட்டர் பக்கத்துல ஒரு அளவு

மற்ற எல்லா போன், டிவி, சிசிடிவி கேமராவையும் நெட்டில் இருந்து எடுத்துடுங்க. லேப்டாப் இருந்தால் ரவுட்டரில் நேரடியாக கேபிள் சொருகி ஊக்லா ஸ்பீட் டெஸ்ட் அல்லது பாஸ்ட் டாட் காம்ல பாருங்க. லேப்டாப் இல்லையா? ரவுட்டரில் இருந்து நாலைந்து அடியில் நின்று போனில் பாருங்க. டிராயின் மைஸ்பீட் செயலியும் இருக்கு.

பிறகு நீங்க வழக்கமா உட்காரும் இடத்தில் அதே டெஸ்ட்.

பக்கத்தில் நல்லா வந்து, தள்ளிப் போனால் விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். பக்கத்திலேயே விழுந்தால் கோளாறு லைனிலோ ரவுட்டரிலோ கம்பெனியிலோ. இந்த ஒரு டெஸ்ட்டிலேயே பாதி நோய் தெரிஞ்சிடும்.

டெஸ்ட் 3: எந்த வைஃபை?

இப்போதைய ரவுட்டர் பலதும் இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். போனில் ரெண்டு பெயராகத் தெரியலாம், ஒன்றின் பின்னாடி '5ஜி'ன்னு இருக்கும். அது செல்போன் 5ஜி கிடையாது, குழப்பிக்காதீங்க.

2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில் நெரிசல் பண்ணும். 5ல் வேகம் அதிகம், ஆனால் சுவர் வந்தால் சீக்கிரம் சோர்ந்துடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளி இருக்கும் அறையில் 2.4. பழைய போன் சிலதுக்கு 2.4 மட்டும்தான் வரும். அப்போ குறை போனில்.

டெஸ்ட் 4: ரவுட்டர் எங்க உட்கார்ந்திருக்கு?

நம்ம வீடுகளில் வயர் எங்கே உள்ள வருதோ அங்கேயே ரவுட்டரை மாட்டிட்டுப் போயிடுறாங்க. டிவி பின்னாடி, ஷோகேஸுக்குள்ள, பீரோ மேல. இரும்பும் கான்கிரீட்டும் வைஃபைக்கு எதிரி. வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைங்க. செலவு கொஞ்சம் வயர் மட்டும். பழக்கமில்லாம நீங்களா பைபர் வயரை இழுக்காதீங்க, லைன்மேனைக் கூப்பிடுங்க.

மேலே சொன்ன வீட்டில் ரவுட்டரை நடு அறைக்கு மாற்றினார்கள். பின்னறையில் 6 இருந்தது 40க்கு மேல் வந்தது. பழைய பிளானுக்கே திரும்பிட்டாங்க.

டெஸ்ட் 5: கேபிளும் துளையும்

200, 300ன்னு பிளான் போட்டும் கேபிளில் 94, 95க்கு மேல் ஏறவே இல்லையா? ரவுட்டர் போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். வாளி பெருசு, குழாய் சின்னது. பெரிய பிளானுக்குப் போகும் முன்னாடி "ரவுட்டர்ல கிகாபிட் போர்ட் இருக்கா?"ன்னு கேளுங்க.

டெஸ்ட் 6: யார் யார் குடிக்கிறாங்க?

ரவுட்டர் செட்டிங்கில் எத்தனை கருவி இணைந்திருக்குன்னு பாருங்க. பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிஞ்சிருந்தா மாத்துங்க. ஒரு போன் ராத்திரி போட்டோ எல்லாத்தையும் பேக்கப் ஏத்திக்கிட்டு இருந்தாலே வீடியோ கால் தடுமாறும். 'அன்லிமிடெட்' பிளான்னாலும் ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைச்சிடுவாங்க. மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ ஆனால் சந்தேகம் அங்கே போகணும்.

டெஸ்ட் 7: மூணு நாள் சார்ட்

ஒரு தடவை பிபி பார்த்துட்டு ரத்தக்கொதிப்புன்னு முடிவு பண்ண மாட்டோம். அதே மாதிரி காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று நாள் ரவுட்டர் பக்கத்தில் நின்று அளந்து எழுதி வைங்க. பைபர் லைனில் ஒரே இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். காலையில் 95, தினமும் இரவு 9க்கு 15ன்னா அது நெரிசல். கம்பெனிதான் சரி பண்ணணும், நீங்க இல்லை.

ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா? தாராளமா. ஆனா அது பாராசிட்டமால். தினமும் ஆஃப் பண்ணினால்தான் ஓடுதுன்னா உள்ளே நோய் இருக்கு. சூடாகிற ரவுட்டர், பழைய அடாப்டர், லூஸ் கனெக்ஷன்னு தேடணும்.

டாக்டரா ஒரு எச்சரிக்கை. ரவுட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா எரிஞ்சால் பைபரில் வெளிச்சம் வரலைன்னு அர்த்தம். வயரைக் கழட்டி முனையைக் கண்ணால் பார்க்காதீங்க, குழந்தைகளைப் பார்க்க விடாதீங்க. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். விழித்திரையோட விளையாட வேண்டாம். பைபரைச் சுருட்டி மடக்கி ஆணியில் மாட்டவும் கூடாது. மடங்கின இடத்தில் வெளிச்சம் கசியும்.

இவ்வளவும் பார்த்தாச்சு. ரவுட்டர் பக்கத்திலேயே, கேபிளிலேயே பிளானில் பாதிதான் வருது. இப்போதான் சண்டை போடணும். கையில் சார்ட்டோட.

புகார் கொடுங்க, புகார் எண் வாங்குங்க. வாய்ப்பேச்சில் விடாதீங்க. தீர்வு இல்லைன்னா அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்க. 2012ல் டிராய் போட்ட விதிமுறைப்படி இந்த இரண்டு அடுக்கும் நிறுவனங்களில் இருந்தாகணும். தனிநபர் புகாரை டிராய் நேரடியா விசாரிக்காது, அதனால இந்த வரிசை முக்கியம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதியலாம். "நெட் ஸ்லோ சார்"னு சொன்னா "ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு முடிச்சிடுவாங்க. "கேபிளில் மூணு நாள், ஒன்பது அளவு, எதுவும் 40ஐத் தாண்டலை"ன்னு சொன்னா அப்படி முடிக்க முடியாது.

கடைசியா என் கருத்து.

நம்ம நாட்டில் 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டில் இருந்து 2 மெகாபிட்டுக்கு உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அதே அளவுகோலை 25ல் இருந்து 100க்குக் கொண்டுபோனார்கள். ஒரு தெளிவான வீடியோ வகுப்புக்கே 3, 4 மெகாபிட் வேணும். 2 மெகாபிட்டை பிராட்பேண்ட்னு சட்டம் சொல்லும்வரை, ஸ்லோவா தர்றவங்களைப் பிடிக்கிறது கஷ்டம். இது மாறணும்.

பாரத்நெட் மூலம் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலை நடக்கிறது. நல்ல திட்டம். ஆனா ஊராட்சி அலுவலகம் வரை வந்த வேகம் பின்கட்டு அறையில் படிக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேரணும்னா, அந்தக் கடைசி முப்பது அடியையும் யாராவது கவனிக்கணும்.

அதனால கனெக்ஷன் கொடுக்கிறவங்களிடம் இரண்டே கோரிக்கை. ரவுட்டர் மாட்டும் நாளில் வீட்டுக்காரரைக் கேட்டு நல்ல இடத்தில் மாட்டுங்க, கேபிளில் அளந்த வேகத்தை எழுதிக் கொடுங்க. புகார் வந்தால் முதலில் வந்து அளங்க, அப்புறம் பெரிய பிளான் பத்திப் பேசுங்க.

மருந்தகத்தில் மருந்துதான் விப்பாங்க. அதனாலதான் முதலில் நோய் என்னன்னு பார்க்கச் சொல்றோம். வெயிலில் மருந்து உலர்த்தி, திரி வெட்டி, கட்டு கட்டிச் சம்பாதிச்ச 354 ரூபாய் அது. தேவையில்லாம ஒரு மாசம் கூடப் போகக்கூடாது.

இன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு முதல் அளவை எடுங்க. முடிவை கமெண்ட்ல போடுங்க. பிளான் எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு, அறையில் எவ்வளவுன்னு மூணு எண் போதும்.