கரஸ்ல படிச்ச கணக்கு

என் சின்னப் பொண்ணு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே ஆன்லைன்ல எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறா. பி.எஸ்சி. காலேஜுக்குப் போய் முடிச்சவதான். வரன் பேச வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "கரஸ்ல படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? அந்தக் காசுக்குக் காதுக்குக் கழுத்துக்கு ஏதாவது வாங்கிப் போடலாமே"ன்னார். படிப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டேன். ஆனா இந்தக் "கரஸ்தானே"ங்கிற பேச்சைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதணும்.

இது நேத்து வந்த படிப்பு இல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லயும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லயும் தபால் வழிப் படிப்பை ஆரம்பிச்சாச்சு. நம்ம மாநிலத்துக்குன்னே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல வந்துது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஷிப்ட் பார்த்துக்கிட்டே பட்டம் வாங்கினவங்களை எனக்கே தெரியும். செல்லுமா செல்லாதாங்கிற சந்தேகத்துக்கு யுஜிசியே 2022 செப்டம்பர்ல பதில் சொல்லிடுச்சு: அங்கீகாரம் வாங்கின பல்கலைக்கழகம் தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ கொடுக்கற பட்டம், நேர்ல போய்ப் படிச்ச பட்டத்துக்குச் சமம். அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் யுஜிசி வெப்சைட்ல நாமளே பார்த்துக்கணும். சேர்த்துவிடறேன்னு கமிஷனுக்கு அலையற ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் காசு கட்டக்கூடாது.

இதுல ஒரு வேடிக்கை. எந்தெந்தப் படிப்பைத் தொலைதூரத்துல நடத்தக்கூடாதுன்னு யுஜிசி 2020 விதியில ஒரு பட்டியல் இருக்கு. டாக்டர், இன்ஜினியர், நர்ஸ், அதோட விவசாயமும் தோட்டக்கலையும். சிறுகீரை விதைச்சு 25 நாள்ல பிடுங்கறதைக் கூட வீடியோவுல சொல்லித்தர முடியாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, சந்தோஷம். கணக்குக்கு அந்தத் தடை இல்ல. லேப் வேண்டாம், மிஷின் வேண்டாம். நோட்டும் பேனாவும் இருந்தா எங்க வேணா உட்கார்ந்து போடலாம். பாடமும் கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு. ஐஐடிக்காரங்க 2003-ல ஆரம்பிச்ச என்பிடெல்ல அவங்க வாத்தியார் நடத்தற பாடத்தை எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து போன்ல பார்க்கலாம். பாடம் கேட்கறது ஓசி, பரிட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கத்தான் காசு.

அப்போ குறை என்னன்னு கேட்பீங்க. இருக்கு. அது நம்ம சொந்தக்காரர் சொன்ன குறை இல்ல.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எங்க காலத்துக் கணக்குல கடைசிப் பக்கத்துல விடை இருக்கும். நம்ம விடை அதோட ஒத்துப்போச்சுன்னா முடிஞ்சுது. எம்.எஸ்சி. கணக்கு அப்படி இல்ல. விடை கேள்வியிலேயே இருக்கு, அது ஏன் சரின்னு நிறுவணும். ஒரு நாள் கீரை கட்டிக்கிட்டு இருக்கும்போது என் பொண்ணு ஒன்னு சொன்னா. பகா எண்களுக்கு முடிவே கிடையாதாம். 2, 3, 5, 7, இந்த நாலோட பகா எண் தீர்ந்துபோச்சுன்னு ஒருத்தன் சொல்றான்னு வைங்க. நாலையும் பெருக்கினா 210. ஒன்னு கூட்டினா 211. இதை அந்த நாலுல எதால வகுத்தாலும் ஒன்னு மிஞ்சும். அப்போ 211-ஐ வகுக்க, பட்டியல்ல இல்லாத ஒரு பகா எண் இருந்தே ஆகணும். எத்தனை பகா எண்ணைக் கொண்டு வந்தாலும் அவனுக்கு இதே கதிதான். யூக்ளிட்னு ஒரு கிரேக்கர் 2,000 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சது. எனக்கே புரிஞ்சுது.

இதையே அவ அசைன்மென்ட்ல எழுதும்போது கூட ஒரு வரி சேர்த்துட்டா: இப்படிப் பெருக்கி ஒன்னு கூட்டினா வர்ற எண் எப்பவும் பகா எண்ணாத்தான் இருக்கும்னு. 211-க்கு அது சரி. அசைன்மென்ட் மார்க்கோட திரும்பி வந்துது. ஒரு சிவப்புக் கோடு கூட இல்ல. பல்கலைக்கழகம் பேர் வேண்டாம். அப்புறம் திருநின்றவூர்ல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட நோட்டைக் காட்டினா. அவர் அரை நிமிஷத்துல அந்த வரியில விரலை வச்சு, "13 வரைக்கும் பெருக்கிப் பாரும்மா"ன்னார். 2, 3, 5, 7, 11, 13 பெருக்கினா 30,030. ஒன்னு கூட்டினா 30,031. அது 59-ஐ 509-ஆல பெருக்கினா வர்ற எண்! பகா எண்ணே இல்ல. அந்த வரியை அடிச்சுட்டாலும் நிரூபணம் நிக்குது. ஆனா அது தப்புன்னு சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்துது.

இதுதான் நான் சொல்ல வர்றது. கணக்கை வீட்டுல இருந்தே படிக்கலாம், ஒத்தையா படிக்க முடியாது. வீடியோ பேசிக்கிட்டே இருக்கும், நம்ம நோட்டை எட்டிப் பார்க்காது. விதிப்படி அசைன்மென்ட் மாதிரி விஷயங்களுக்கு 30 மார்க்குக்கு மேல கிடையாது, குறைஞ்சது 70 கடைசிப் பரிட்சைக்கு. அந்த 30-ஐயும் திருத்தாமலே போட்டுக் கொடுத்தா, தான் எழுதினது நிரூபணமா வெறும் பேச்சான்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ராமானுஜனை எடுத்துக்குங்க. எஃப்.ஏ. பரிட்சையில தேறாதவர். கார் எழுதின ஒரு தொகுப்புப் புத்தகத்தை வச்சுக்கிட்டுத் தானே படிச்சவர். அந்தப் புத்தகத்துல சூத்திரம் ஆயிரக்கணக்குல இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான் இருக்கும். 1912-ல துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் கிளார்க் வேலை. 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். ஹார்டி அசந்துபோனாலும் என்ன கேட்டார்? நிரூபணத்தை அனுப்புன்னுதான். கடல் தாண்டி ஒரு ஆள் அவர் தாளை உட்கார்ந்து படிச்சு, இது சரி, இது எப்படின்னு கேட்டார். அதுவும் தபால்தானே? இன்னைக்கு ஒரு செகண்டுல தாளை போட்டோ எடுத்து அனுப்பலாம். படிச்சுப் பார்க்கத்தான் ஆள் இல்ல.

நம்ம பக்கத்துல இதுக்கு வழியா இல்ல? பட்டாபிராம்ல இந்துக் கல்லூரி, ஊருக்கு ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி, ரிட்டயர் ஆகி வீட்டுல உட்கார்ந்திருக்கற கணக்கு வாத்தியாருங்க. 2024 நவம்பர்ல பட்டாபிராம்ல டைடல் பார்க் திறந்தாச்சு. எஸ்டேட்ல வேலை பார்த்துக்கிட்டுப் படிக்கிற பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை உட்கார ஒரு ரூம் மட்டும் இல்ல. பத்தாவது, பன்னிரண்டாவதுக்குத் தெருவுக்கு ரெண்டு டியூஷன் சென்டர். எம்.எஸ்சி.க்கு ஒன்னு காட்டுங்க பார்ப்போம். இதுல பாதிப் பேர் பி.எட்.டும் முடிச்சு நாளைக்கு மேல்நிலைப் பள்ளிக்கு வாத்தியாரா வரப்போறவங்க. அவங்க நிரூபணத்தை யாரும் திருத்தலைன்னா, அவங்க நம்ம பேரப்பிள்ளைங்க நோட்டை என்னத்தைத் திருத்துவாங்க?

கேட்கறது பெரிசா ஒன்னும் இல்ல. வாரத்துக்கு ஒரு நாள், ஏதாவது ஒரு அரசுப் பள்ளியில பூட்டிக் கிடக்கற ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, நோட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு வாத்தியார். ஆவடி ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல இருந்தா அம்பத்தூர்ப் பிள்ளையும் வரும், பூந்தமல்லிப் பிள்ளையும் பஸ் ஏறி வந்துடும். திருநின்றவூர் வாத்தியார் சம்பளமே வேண்டாம், சாக்பீஸ் மட்டும் வாங்கி வைங்கன்னு சொல்லியிருக்கார். கரண்ட் பில் யார் கட்டறதுன்னு பள்ளிக்கூடத்துல யோசிச்சா, படிக்கிற பிள்ளைங்களைப் பெத்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் போடறோம். என் பங்கை நான் இப்பவே எடுத்து வச்சுட்டேன்.