கர்ப்பத்தடை மாத்திரையும் கல்லீரலும்

கர்ப்பத்தடை மாத்திரை ஈரலைக் கரைக்கும் விஷமென்பார் ஒரு சாரார்; அதனால் யாதொரு தீங்குமில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டு கூற்றுகளும் நம் ஸ்திரீகளுக்குக் கேடு விளைப்பனவே. முன்னது வீண் பீதியை மூட்டுகிறது. பின்னது ஜாக்கிரதையைக் கெடுக்கிறது.

வைத்திய சாஸ்திரம் கண்டது யாது? மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பித்தநீரின் ஓட்டத்தைத் தணிக்க வல்லது. ஆதலின், கர்ப்ப காலத்தில் பித்தம் தேங்கி உடல் அரிப்பும் காமாலையும் கண்டவர்களுக்கு மாத்திரையாலும் அவை திரும்பக்கூடும். 1973-ம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியர் சிலர், மாத்திரை உட்கொண்ட 7 ஸ்திரீகளின் கல்லீரலில் அடினோமா என்னும் கட்டியைக் கண்டதாக 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டனர். இது புற்றுநோயன்று, ஆயினும் வெடித்து உள்ளே ரத்தம் பெருகின் உயிருக்கே அபாயமாகும்.

இவ்வபாயம் மிக அரிது என்பதையும் மறைக்கலாகாது. பல்லாண்டு உட்கொண்டவர்களுள் வருஷந்தோறும் லக்ஷத்துக்கு மூன்று நான்கு பேருக்கே இக்கட்டி காணுமென்று அக்காலத்தில் கணித்தனர். 1960-ல் அமெரிக்கா அனுமதித்த 'எனோவிட்' மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இக்காலத்து மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் அது 20 முதல் 35 மைக்ரோகிராமே. மாத்திரையை நிறுத்தியபின் கட்டி சுருங்குவதும் உண்டு.

அங்ஙனமாயின் நாம் குறைகூறுவது எதனை? சொல்லாமல் கொடுப்பதனையே. 1970-ல் அமெரிக்க செனேட் சபையில் செனேட்டர் நெல்சன் தலைமையில் இம்மாத்திரையைப் பற்றி விசாரணை நடந்தபோது, அதை உண்டு அவதியுற்ற ஸ்திரீ ஒருவரையேனும் சாக்ஷியாக அழைத்தாரில்லை. பொறுக்கமாட்டாத மாதர் சபையிலேயே எழுந்து நின்று கேள்வி கேட்டனர். அவ்வருஷத்திலேயே, மாத்திரையின் அபாயங்களை உண்போருக்கு நேரே எடுத்துரைக்கும் குறிப்பை உடன் வைக்கவேண்டுமென்று அந்நாட்டு சர்க்கார் விதித்தது. கேட்டவர்க்கே கிடைத்தது.

நமது தேசத்தில் 'மாலா-என்' மாத்திரை சர்க்கார் வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இது நற்பணியே. ஆயின் கொடுக்கும் கை கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இப்பொழுது காமாலை உண்டா? கர்ப்ப காலத்தில் உடல் அரிப்போ காமாலையோ கண்டதுண்டா? கல்லீரலில் கட்டியோ சுருக்க நோயோ உண்டென்று வைத்தியர் எவரேனும் சொன்னதுண்டா? இதற்கு யந்திரம் வேண்டா, பணம் வேண்டா. தாய்மொழியும் சிறிது பொறுமையும் போதும். 'ஆம்' என்பவரை வெறுங்கையுடன் அனுப்பிவிடாது வைத்தியரிடம் அனுப்புக. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி முதலிய வேறு உபாயங்களும் உள்ளன.

மாத்திரையை விலக்குக என்று நாம் கூறவில்லை. வேண்டாத கர்ப்பமும் உயிருக்கு அபாயமே என்பதை நாம் அறிவோம். உட்கொள்பவள் அறிந்து உட்கொள்ளட்டும் என்றே கூறுகிறோம். உடல் அவளுடையது, அவ்வுடலைப் பற்றிய உண்மையும் அவளுக்கே உரியது.