‘தேவைப்பட்டால்’ என்றால் எப்போது?

மூட்டுவாத நோய்க்கு நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. முதிய அம்மையார் ஒருவரின் மருந்துச் சீட்டில், திங்கட்கிழமையைக் குறிக்க அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எழுதியிருந்தோம். ‘மன்டே’ என நாங்கள் கருதியதை வீட்டார் ‘மார்னிங்’ எனப் படித்தனர். பத்து நாள்கள் காலைதோறும் மாத்திரை உட்கொண்டபின், கஞ்சியும் விழுங்க இயலாத வாய்ப்புண்ணோடு அவர் வந்தார். இரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. முறிவு மருந்தாலும் பல நாள் வார்டுச் சிகிச்சையாலும் மீண்டார். தவறு படித்தவர்களுடையதன்று, எழுதிய எங்களுடையது.

மருத்துவரின் கையெழுத்தைக் கேலி செய்வது வழக்கம், நியாயமும்கூட. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டுமென 2016இல் இந்திய மருத்துவக் கழகம் விதித்தது. ஆயினும், அச்சடித்த சீட்டும் பொருள் மயக்கம் தரும் என்பதே எங்கள் கருத்து. ‘பழைய மருந்துகளைத் தொடரவும்’ என்ற வரியைப் பாருங்கள். வீட்டு டப்பாவில் மூன்று மருத்துவர்கள் வெவ்வேறு காலத்தில் தந்த மாத்திரைகள் கிடக்கும். அவற்றுள் எவை பழையவை? ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இருந்தால் இரட்டிப்பு அளவு உள்ளே போகும். ‘உப்பைக் குறைக்கவும்’ என்று எழுதுகிறோம். ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கில் சேரும் என்று எழுதுவதில்லை.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. இது மருத்துவமனைக்குள் வழங்கும் சுருக்கமொழி. ஐயம் வந்தால் செவிலியர் உடனே கேட்டுவிடுவார். அதே சீட்டு வீட்டிற்குச் சென்றபின் கேட்பதற்கு அருகில் எவருமில்லை. புறநோயாளிப் பிரிவில் நெரிசல் மிகுதி என்பதும் உண்மையே. ஆனால் ‘காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மாத்திரை, அடுத்தது 6 மணி நேரம் கழித்தே, ஒரு நாளில் 3க்கு மேல் வேண்டாம்’ என்றெழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நீங்கள் தயங்காமல் கேட்டுப் பெறலாம்.

அந்த அம்மையாரின் சீட்டில் இப்போது ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று தமிழிலேயே எழுதுகிறோம். சென்ற முறை வலி மாத்திரைக்கு நேராகப் பழக்கதோஷத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதிவிட்டோம். அவருடைய மகள் சீட்டை மேசைமேல் திருப்பி வைத்து, “எப்போதுங்க டாக்டர்?” என்றார்.